இரண்டாவது ஓட்டு

அந்த வீட்டில் காற்று வருகிற ஜன்னல் ஒன்றுதான். வேதாந்தத்துக்கு அது வேண்டும். ஜானுவுக்கும் அதுவே வேண்டும்.

மயிலாப்பூரில் சாயங்காலமானால் கடற்காற்று கிளம்பி வந்து, எதிர் ஃப்ளாட்டின் மொட்டைமாடித் தொட்டியில் முட்டிக்கொண்டு, மிச்சம் மீதியாக இந்த ஜன்னலுக்குள்தான் நுழையும். ஜன்னலுக்குக் கீழே மேஜை. மேஜைமேல் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு முன்னால் வேதாந்தம். மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு.

மஸ்கட்டில் அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிறவராக இருந்தார். "அந்த ஊர்ல பாதி, என் பென்சில் முனையிலேர்ந்து இறங்கினதாக்கும்" என்பார். மீதிப் பாதி யாருடையது என்று ஜானு ஒருதடவைகூடக் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து போய்க்கொண்டிருந்த மனிதர், நாற்பத்தெட்டு வயதில் போதும் என்று தோன்றிப் பெட்டியைக் கட்டினார். வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வீடு அவர் இல்லாமலே நடந்து பழகிவிட்டது. சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று அவருக்குத் தெரியாது. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வூட்ல யாரும் இல்லியா சார்?" என்று அவரிடமே கேட்டான்.

ஆகவே, இந்த ஜன்னலோரம் ஒன்றுதான் அவருக்கென்று வாய்த்த நிலம். அதையும் ஜானு கேட்டாள்.

"ஏன்னா, அந்த ஜன்னலோரம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"வேலை இருக்கு."

"தையல் மிஷினா? உள் ரூம்ல போட்டுக்கோயேன்."

"கம்ப்யூட்டரை உள் ரூம்ல போட்டுக்கப்படாதோ?"

"அதுக்குக் காத்து வேணும் ஜானு. சூடாயிடும்."

"அதுக்கா, உங்களுக்கா?"

இதற்கு நேரான பதில் சொல்ல முடியாது. அதனால் வேதாந்தம் கோணலான பதில் ஒன்று சொன்னார். "நான் சும்மா உக்காந்திருக்கேன்னு நினைக்கறியா? போட்டியில கலந்துக்கப் போறேன். பாரு."

போட்டி என்று ஒன்று நிஜமாகவே இருந்தது. லஸ் முனையில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மாடியில் ஷரஃபுதீன் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். காலையில் டைப்பிங், மதியம் பெண்களுக்கு மட்டும் அவர் மனைவி வஜீஹா நடத்தும் கிளாஸ், சாயங்காலம் ஆனால் துப்பாக்கிச் சண்டை. எட்டுக் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்துவிட்டால், எட்டுப் பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்திச் சுடலாம். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடையில் மயிலாப்பூர் காலேஜ் பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டை நடக்கிற இடத்துக்கு மேப் என்று பெயர். சுவர், கதவு, மாடிப்படி எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ளலாம். யாருடைய மேப் சிறந்தது என்றுதான் போட்டி. முதல் பரிசு பதினேழு அங்குல மானிட்டர். வேதாந்தம் கண்ணை மூடினால் அது ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஜெயிச்சா?" என்று கேட்டார்.

"ஜன்னல் உங்களோடது. அப்புறம் நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்கோ."

"தோத்தா?"

"என்னோடது."

"மஸ்கட்ல நான்..."

"பாதி ஊர். தெரியும். சம்மதமா?"

சம்மதம் என்றார். அவருடைய நாற்பத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு சுலபமான பந்தயம் வந்ததே இல்லை. காலேஜ் பையன்கள் எங்கே, இரண்டு விமான நிலையத்துக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் படம் போட்ட கை எங்கே!

அன்றே அஸ்திவாரம் போட்டார். வேதாந்தம் கட்டியது ஒரு மாளிகை. அறைகளை எண்ணுவதை அவரே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். ஒவ்வொரு தளத்திலும் தீ விபத்துக்குத் தனிப் படிக்கட்டு. அடித்தளத்தில் கார் நிறுத்துமிடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறை.

மேல் ஃப்ளாட் அனிருத் எட்டிப் பார்த்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், அவனும் போட்டியாளன்.

"மாமா, துப்பாக்கிச் சண்டைக்கு நடுவுல யாரு பாத்ரூம் போவா?"

"கட்டடம்னா ஒரு முறை இருக்குப்பா. அது இல்லாம எவன் அப்ரூவல் கொடுப்பான்?"

அனிருத்தும் அவன் சிநேகிதனும் மாளிகையில் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்தார்கள். சண்டை நடக்கவில்லை. காரணம், ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சிநேகிதன் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அனிருத் அப்போதும் அடித்தளத்தில் கார்களுக்கு நடுவே அவனைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அதான் கட்டடத்தோட கம்பீரம்" என்றார் வேதாந்தம்.

ஜானு இதில் எதிலும் தலையிடவில்லை. மதியச் சாப்பாடு ஆனதும், "வஜீஹா கிட்ட கிளாஸ் இருக்கு, வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மாலையில் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். எம்பிராய்டரி நன்றாக வருகிறது போலிருக்கிறது என்று வேதாந்தம் நினைத்துக்கொள்வார்.

போட்டியின் விதி இது. மேப்புகளில் பெயர் இருக்காது, எண் மட்டும். மூன்று நடுவர்கள் எல்லாவற்றையும் விளையாடிப் பார்த்து ஐந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐந்தில் முதலிடம் எது என்பதை சென்டர் அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

நடுவர்கள் தேர்ந்தெடுத்த ஐந்தில் வேதாந்தத்தின் மாளிகை மூன்றாம் எண். பெயர் ரகசியம் என்றார்களே தவிர, அந்த ரகசியம் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. முதலாம் எண் விண்வெளி நிலையம், அது அனிருத்துடையது. இரண்டாம் எண் துறைமுகம், ராயப்பேட்டை தௌசீஃப் கட்டியது. ஐந்தாம் எண் பனிமலை, ரூபீனா என்கிற பெண்ணுடையது. அவரவர் தாங்களே ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டார்கள். நாலாம் எண்ணுக்கு மட்டும் சொந்தம் கொண்டாட யாரும் வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

வெட்கப்பட வேண்டிய மேப்தான் என்பது வேதாந்தத்தின் அபிப்பிராயம். சதுரமாக நாலு சந்துத் தெரு. மாடி கிடையாது, அடித்தளம் கிடையாது. துப்பாக்கி, தோட்டா எதுவும் தரையில் கிடக்காது. பெரிய பச்சைப் பெட்டி ஒன்று தெருத் தெருவாகச் சுற்றி வரும். எல்லாம் அதன்மேல்தான். அது எந்த முனையில் நிற்கும், எத்தனை நேரம் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. மூலையில் பதுங்கி உட்கார்ந்தால் வெறுங்கைதான். எல்லோரும் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். பெட்டி திரும்புகிற சத்தம் கேட்டதும் எட்டு நாற்காலியிலிருந்தும் ஒரே நேரத்தில் "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூச்சல் கிளம்பும்.

ஓட்டுரிமை பெற ஒவ்வொரு மேப்பையும் ஒருதடவை விளையாடினால் போதும். வேதாந்தம் நாலாம் எண்ணை ஆறுதடவை விளையாடினார். எதிரியின் பலவீனத்தை ஆராய்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். ஆராய்ச்சியின்போது ஒருமுறை அவரும் "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு, கத்தியது தான்தானா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

நடுவர்களின் குறிப்பைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தலைமை நடுவர் சண்முகசுந்தரம் இன்ஜினீயரிங் காலேஜ் லெக்சரர், சுருக்கமாக எழுதுகிறவர். மாளிகைக்கு, "அசுர உழைப்பு. பூகம்பம் வந்தாலும் நிற்கும்" என்றிருந்தது. நாலாம் எண்ணுக்கு, "எளிமை. விளையாடி முடிக்கும்வரை சிரித்தோம்."

வேதாந்தம் வீட்டுக்கு வந்து இரண்டையும் படித்துக் காட்டினார். "பாத்தியா? பாவம், அந்த மனுஷனைப் பாத்துச் சிரிச்சிருக்கா."

"பாவம்" என்றாள் ஜானு. ரசத்தில் பெருங்காயம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஓட்டு எப்படிப் போடணும்?"

"ஒரு சீட்டுல மூணு இடம். முதல் ஓட்டுக்கு மூணு பாயின்ட், ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு ஒண்ணு. மூணையும் நிரப்பலைன்னா சீட்டு செல்லாதுன்னுட்டான் ஷரஃபுதீன்."

"முதல் ஓட்டு உங்களுக்கு. சரி. ரெண்டாவதை யாருக்குப் போடச் சொல்லப்போறேள்?"

வேதாந்தம் அதை யோசித்திருக்கவில்லை. "அனிருத்துக்குப் போடட்டுமே. நம்மாத்து மாடிப் பையன்."

"அவன் பலமான ஆளோன்னோ? உங்க ஆட்கள் கையாலேயே அவனுக்கு ரெண்டு ரெண்டாத் தூக்கிக் கொடுத்துட்டா?"

வேதாந்தம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தௌசீஃபும் பலம். அந்தப் பொண்ணும் பலம்" என்று ஜானு தொடர்ந்தாள். "யாருக்குப் போட்டா யாருக்கும் லாபமில்லையோ, அவாளுக்குன்னா போடணும்?"

"நாலாம் நம்பர்!" என்றார் வேதாந்தம், மேஜையைத் தட்டி. "அது எப்படியும் ஜெயிக்கப் போறதில்லை. ரெண்டாவது ஓட்டை எல்லாம் அந்தக் குப்பைத்தொட்டியில கொட்டிட்டா, மத்தவாளுக்கு ஒண்ணும் போகாது. எப்படி என் யோசனை?"

"உங்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்" என்றாள் ஜானு.

மறுநாளே வேதாந்தம் பிரசாரத்தில் இறங்கினார். நாகேஸ்வர ராவ் பார்க்கில் அவரோடு காலையில் நடக்கிறவர்கள் நாலு பேர். நாலு பேரையும் சென்டரில் அங்கத்தினர் ஆக்கினார். அவர்களில் தபால் இலாகாவில் ரிடையரான ஹனீஃபா ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

"இன்னா வேதாந்தம், வெறும் ஆகாசமா தெரியுது?"

"மவுஸைக் கீழே இழுங்கோ பாய்."

"இழுத்தேன். இப்ப என் காலு தெரியுது."

"கொஞ்சமா மேலே."

"ஐயோ, யாரோ சுட்டுக்கினு கீறான்பா! நான் இன்னா பண்ணேன் அவனை?"

"நகருங்கோ, நகருங்கோ!"

ஹனீஃபா நாற்காலியோடு நகர்ந்தார்.

எப்படியோ நாலு பேரும் ஐந்து மேப்பிலும் தலா ஒருமுறை உயிரைவிட்டு ஓட்டுரிமை பெற்றார்கள். "முதல் ஓட்டு மூணு. ரெண்டாவது நாலு. மறக்கப்படாது" என்று வேதாந்தம் பாடம் ஒப்பிக்க வைத்தார். மூன்றாவதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார். ஜனநாயகத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. சென்டரில் நிற்க இடமில்லை. பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு அதுதான் பெட்டி. ஜானுவும் வந்திருந்தாள், கை முறுக்கு ஒரு சம்புடம் நிறைய எடுத்துக்கொண்டு. கணவருக்கு ஆதரவாக வந்திருக்கிறாள் என்று வேதாந்தத்துக்கு நெஞ்சு நிறைந்தது. அவளும் வரிசையில் நின்று ஒரு சீட்டு போட்டதைப் பார்த்தபோது, நிறைந்த நெஞ்சு கொஞ்சம் குழம்பியது. "உனக்கு ஏது ஓட்டு?"

"வஜீஹா கிளாஸ்ல சேந்தவா எல்லாரும் அங்கத்தினர்தானாம்."

எம்பிராய்டரிக்காரர்களுக்கெல்லாம் ஓட்டா என்று ஆச்சரியப்பட்டாலும், ஓர் ஓட்டு கூடுகிறதே என்று பேசாமல் இருந்தார்.

எண்ணிக்கை தொடங்கியது. வஜீஹா சீட்டைப் பிரித்துப் படிக்க, ஷரஃபுதீன் போர்டில் பாயின்ட் எழுதினார்.

"முதலாவது, ஒண்ணாம் நம்பர். ரெண்டாவது, நாலாம் நம்பர்."

அனிருத்தின் ஆள் என்று வேதாந்தம் குறித்துக்கொண்டார். ஆனால் அவன் எதற்கு...

"முதலாவது, ரெண்டாம் நம்பர். ரெண்டாவது, நாலாம் நம்பர்."

இது தௌசீஃபின் ஆள்.

"முதலாவது, அஞ்சாம் நம்பர். ரெண்டாவது, நாலாம் நம்பர். முதலாவது, மூணாம் நம்பர். ரெண்டாவது, நாலாம் நம்பர்."

முதல் ஓட்டு ஊர் முழுக்கச் சிதறியது. இரண்டாவது ஓட்டு மட்டும், அந்தப் பச்சைப் பெட்டியின் பின்னால் ஓடுகிற கூட்டம் மாதிரி, ஒரே திசையில் ஓடியது. முதல் ஓட்டே கிடைக்காத நாலாம் எண், இரண்டு இரண்டாக ஏறி, போர்டின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. மற்ற நாலு பேரும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"டேய், உன் ஆளுங்களும் நாலுக்கா போட்டாங்க?" என்றான் தௌசீஃப்.

"நீயும்தானேடா?" என்றான் அனிருத். "அது ஜெயிக்காது, வேஸ்ட் பண்ணலாம்னு..."

"அதேதான் மச்சி. உனக்கு யாரு சொன்னா?"

"மாமி."

"எனக்கும் மாமிதான். முறுக்கு குடுத்துக்கினே சொன்னாங்க."

"எனக்கு கிளாஸ்ல சொன்னாங்க" என்றாள் ரூபீனா.

"எந்த மாமி?" என்று வேதாந்தம் கேட்டார்.

ஷரஃபுதீன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். "நாலாம் நம்பர் மேப், ஜானு மாமி! இப்டி முன்னால வாங்க மாமி. மானிட்டர் வெயிட்டு ஜாஸ்தி, யாராச்சும் ஒரு கை புடிங்கப்பா."

கூட்டம் விசிலடித்தது. தலைமை நடுவர் சண்முகசுந்தரம் எழுந்தார். "ஓட்டு விழுந்த தினுசு எனக்கும் புரியுது. இது தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த ஒரு வாரமா கரன்ட் போறவரைக்கும் நீங்க எல்லாரும் இங்கே எந்த மேப்பை ஆடினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

ஹனீஃபா மட்டும் கையைத் தூக்கினார். "அந்தத் தண்ணி லாரி மேப்தான் சார். அதுலதான் எனக்கு ரெண்டு பேரைச் சுட முடிஞ்சுது."

வேதாந்தம் அவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தண்ணி லாரி?"

"பச்சையா ஒண்ணு சுத்திக்கினு இருக்குமே! இன்னாப்பா, நீ இந்த ஊர்தானே?"

அறையில் இருந்த எல்லோருக்கும் அது முதல் நாளே தெரிந்திருந்தது. தெரியாதவர், எண்பத்திரண்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் இந்த ஊரில் இருந்தவர் ஒருவர்தான்.

மானிட்டரை ஆட்டோவில் நடுவே வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். பெட்டிக்கு மேலே வேதாந்தத்துக்கு ஜானுவின் நெற்றிதான் தெரிந்தது.

"எம்பிராய்டரி கிளாஸ்னு சொன்னியே."

"கிளாஸ்னு சொன்னேன். என்ன கிளாஸ்னு நீங்க கேக்கவே இல்லையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"சொல்லியிருந்தா சுவர் எல்லாத்தையும் நிமித்திக் கொடுத்திருப்பேள். பாத்ரூம் கட்டியிருப்பேள்."

ஆட்டோ டிரைவர் சிரித்ததை வேதாந்தம் கேட்காத மாதிரி இருந்தார். கொஞ்ச தூரம் போனபின், "நெஜமாவே அப்படி ஓடினியா? லாரி பின்னாடி?" என்றார்.

"பின்னே? எந்த முனையில நிப்பான்னு யாருக்குத் தெரியும்? குடத்தைத் தூக்கிண்டு நாலு தெருவும் ஓடணும். முதல்ல அழுகையா வரும். அப்புறம் பழகிடுத்து. அப்புறம் யார் முதல்ல பிடிக்கறான்னு நாங்க பொம்மனாட்டிகளுக்குள்ள போட்டியே நடக்கும்." ஜானு சிரித்தாள். "பாதி நாள் நான்தான் ஜெயிப்பேன்."

அந்த நாட்களில் மஸ்கட்டில் வேதாந்தம் நீச்சல் குளங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் முதல் ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன்" என்றாள் ஜானு.

"ரெண்டாவது?"

"அதுலயும் நீங்க சொன்ன யோசனைப்படிதான்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவள் குரல் இன்னும் இறங்கி வந்தது. "ஷரஃபுதீன் இன்னொண்ணு கேட்டிருக்கார். லீவு முடியறதுக்குள்ள மாடி வெச்ச மேப்பாம். எனக்குப் படிக்கட்டு சரியா வர மாட்டேங்கறது. உங்க மாளிகையில படியெல்லாம் அழகா இருந்தது. ஏறி இறங்கினா சுகமா இருந்தது."

வேதாந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, அவரால் ஆகவேண்டிய காரியம் என்று ஒன்றை ஒருவர் வாய்விட்டுக் கேட்பது இதுதான் முதல்முறை. இரும்புப் படியா, சிமென்ட் படியா, கைப்பிடி எந்தப் பக்கம் என்று வீடு வருகிறவரை பேசிக்கொண்டே வந்தார். ஜானுவும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மனசு லேசாக இருந்தது. தோற்றாலும் வாக்குத் தவறாத மனிதன் என்று காட்டிவிட வேண்டும். ஜன்னலோரம் போய், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றேள்?"

"பந்தயம்னா பந்தயம். ஜன்னல் உன்னோடது. கம்ப்யூட்டரை உள் ரூமுக்கு எடுத்துண்டு போயிடறேன்."

ஜானு புது மானிட்டரின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கட்டும். நீங்க எழுந்துண்டா போறும்."